வளைவை மறைத்த பலகைகள்

முதலில் விசில் கேட்கும். லாரி பிறகுதான் தெரியும். ராணுவ லாரியைப் பின்னால் எடுக்கும்போது ஒருவன் விசில் ஊதவேண்டும், அவனை நம்பித்தான் எங்கள் பிழைப்பு. பதினேழு வருஷம் ஓட்டினேன். யாரும் சொல்லித்தராமலே பலகை எழுதவும் கற்றுக்கொண்டதால், முகாமின் எச்சரிக்கைகள் எல்லாம் என் கைவேலை. இப்போது சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப்புடவை குடோனுக்கு ராத்திரிக் காவல். தூக்கம் வராதவனுக்குப் பொருத்தமான வேலை. மேலதிகாரி என்று ஒருவர் உங்களுக்கும் வாய்த்திருப்பார்; அதனால் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

நாலு பலகை

முகாம் வாசலருகே ஒரு வளைவு. அங்கே ஒரு லாரி சுவரில் இடித்தது. விசாரணையில் 'டிரைவரின் கவனக்குறைவு' என்று முடிவானது. பரிகாரம், ஒரு பலகை. அடுத்தடுத்து இடித்ததற்கு அடுத்தடுத்த பலகைகள். நாலாவதை நட்டுவிட்டு லாரியில் ஏறிப் பார்த்தால் எதிரே வருவது எதுவுமே தெரியவில்லை, என் எழுத்துதான் தெரிந்தது. ஓடிப்போய் எங்கள் மேலதிகாரி சுபேதாரிடம் சொன்னேன். வேலூர்க்காரர். "வளைவு உன் வேலையாய்யா? எழுத்து கோணலா இருக்குதா, அதைப் பாரு" என்றார்.

எட்டு மணி நேரத் தூக்கம்

வண்டி எடுக்குமுன் 'எட்டு மணி நேரம் தூங்கினேன்' என்று கையெழுத்துப் போடவேண்டும். என் கூட்டாளி, தென்னேரி ஏழுமலை, இரண்டு ராத்திரி காவலில் நின்றுவிட்டு வந்து, கண் சொருகச் சொருகக் கையெழுத்துப் போட்டான். உண்மையை எழுதேன்டா என்றேன்.

"தூங்கலன்னு எழுதினா, ஏன் தூங்கலன்னு ரிப்போர்ட் கேப்பாங்கபா. அத எழுத மூணாவது ராத்திரியும் முழிச்சிக்கினு இருக்கணும்."

வாயால் ஒரு வாட்டி

அன்றைக்கே அந்த வளைவில் ஏழுமலை, காலை ஓட்டம் போன ஜவான்களுக்கு ஒரு முழம் முன்னால் பிரேக் போட்டான். யாருக்கும் கீறல்கூட இல்லை. பேசாமல் இருந்திருக்கலாம். கண் அசந்துவிட்டது, பலகையும் மறைக்கிறது என்று சுபேதாரிடம் போய்ச் சொன்னான். தண்டனை: ஏழு ராத்திரி கூடுதல் காவல்! எட்டாம் நாள் அதே சுவரில் மோதி வலது கால் நொறுங்கியது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் சிரித்தான். "வாயால ஒருவாட்டி சொன்னேன், கேக்கல. இப்ப காலால சொல்லிட்டேன்பா."

ஐந்தாவது பலகை

விசாரணைக்கு என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். 'கவனக்குறைவு' ஏற்கெனவே டைப் ஆகியிருந்தது. அந்த வார்த்தை நின்றால் ஏழுமலைக்கு ஊனப் பென்ஷன் கிடையாது. சுபேதார் கண்ணாலேயே அதட்டினார். நான் அவன் நின்ற காவல் ராத்திரிகளை எண்ணிச் சொல்லிவிட்டு, "சார், டிரைவர் சீட்டில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள்" என்றேன். விசாரணை நடத்திய கர்னல் வளைவுக்கு வந்து லாரியில் ஏறினார். வெகுநேரம் இறங்கவில்லை. இறங்கி இந்தியில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "எழுத்து அழகு. எல்லாத்தையும் பிடுங்கு."

அந்த வார்த்தையை அடித்தார்கள், பென்ஷன் வந்தது. கூடவே, இனி இப்படி நடக்கக்கூடாது என்று மேலிடத்து உத்தரவும் வந்தது. அதன்படி அதே வளைவில் என் கையாலேயே ஒரு பலகை நட்டேன்: 'இங்கே பலகை வைக்கக் கூடாது.'

ஊன்றுகோலோடு வந்த ஏழுமலை நின்று நிதானமாகப் படித்தான். "எழுத்து கோணலா இருக்குதுபா."

குடோன் வாசல்

போன வாரம் புடவை ஏற்றும் வேன் எங்கள் கேட்டுத் தூணை இடித்தது. "நீதான் எழுதுவியே, ஒரு போர்டு வெச்சிடு" என்றார் முதலாளி. கடைசியா எப்பப்பா தூங்கினே என்று டிரைவரைக் கேட்டேன்.

"முந்தாநேத்துண்ணா."

விபத்து நடந்த இடத்தில் பலகை தேடி ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பாய் தேடி ஓடியவரை இன்னும் பார்க்கவில்லை. என் பாயை அவனிடம் கொடுத்துவிட்டு, வேன் சக்கரத்துக்குக் கட்டை வைக்கப் போனேன்.