"அப்படி ஒருத்தர் இங்க இல்லிங்க"

முதலில் ஒரு மன்னிப்பு. வாராவாரம் இந்த இடத்தில் பஸ் பயணம், பல்வலி, பக்கத்து வீட்டுக் கோழி என்று எதையாவது எழுதிக்கொண்டிருப்பவள் நான். இந்த வாரம் 'ப்ரொஜெக்ட் மேனேஜ்மன்ட்' பற்றி எழுத வந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஓ.எல். வரைக்கும் மட்டும் படித்தவளுக்கு இது கொஞ்சம் அதிகம்தான். விஷயம் தெரிந்தவர்கள் வாசித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன வாரம் நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

பதுளையில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். தோட்டங்களுக்குத் தண்ணீர்க் குழாய், கழிப்பறை, பாலர் பாடசாலைக்குக் கூரை... இப்படியான வேலைகள். நான் கல் சுமப்பதில்லை. ஆனால் கல் எப்போது வரும், யார் சுமப்பார்கள், வராவிட்டால் என்ன செய்வது — அதெல்லாம் என் தலையில். இதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் இருக்கிறது, அதற்கு உலகம் முழுக்கச் செல்லுபடியாகும் ஒரு சான்றிதழ் இருக்கிறது என்பதெல்லாம் இந்த வருஷம்தான் எனக்குத் தெரியும்.

எப்படித் தெரிந்தது? புதிதாக உதவி கொடுக்க வந்தவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். இனி வேலையைப் பொறுப்பாக நடத்துகிறவருக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும். பரீட்சை பிறகு எழுதலாம். ஆனால் இந்த மாத முடிவுக்குள் விண்ணப்பமாவது ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் என் இடத்துக்குக் கொழும்பிலிருந்து ஒருவர் வருவார். நான் அவருக்கு வழி காட்டலாம்.

டிகிரி இல்லாவிட்டால் பரவாயில்லையாம், அனுபவம் கூடுதலாக இருந்தால் போதுமாம். அனுபவம் இருக்கிறது. அதை எழுதத்தான் தெரியவில்லை.

அப்போதுதான் ஷிஹானாவிடம் போனேன். பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவரின் மகள். கடைக்குப் பின்னால் உள்ள அறையில், சேலைக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து, கொம்பியூட்டரில் வெளிநாட்டுக் கம்பனிக்கு வேலை செய்கிறாள். அதே சான்றிதழை எடுத்தவள். நான் எழுதிக்கொண்டு போனதை வாசித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"அக்கா, என்ன இது? 'தண்ணீர்த் திட்டத்துக்கு உதவினேன்.' 'கூரை போடும்போது கூட இருந்தேன்.' நீங்க வேலைய நடத்தினீங்களா, கல்யாண வீட்டுக்குப் போனீங்களா?"

"நடத்தினேன்னு எப்பிடி எழுதுறது ஷிஹானா? நாலு பேர் பாத்தா என்ன நினைப்பாங்க?"

"நாலு பேர் பாக்கணும்னுதானே விண்ணப்பமே போடுறோம்!"

அவளே கேள்வி கேட்டாள், நான் சொன்னேன், அவள் இங்கிலீஷில் தட்டினாள். இடையில் அவளுடைய வாப்பா எட்டிப் பார்த்து, "பிள்ளைக்குத் தேத்தண்ணி குடுத்தியா?" என்றார். ஐம்பதைத் தொடப் போகிற என்னைத்தான் பிள்ளை என்றார். மூன்று பின்னேரங்களில் வேலை முடிந்தது. வாசித்துக் காட்டினாள். யாரோ பெரிய கெட்டிக்காரியைப் பற்றி எழுதியிருந்தது. கேட்கக் கூச்சமாக இருந்தது.

கடைசியாக ஒன்று சொன்னாள். "நீங்க சொன்னதெல்லாம் உண்மையான்னு அவங்க செக் பண்ணலாம். பேர் குடுத்த ஆட்கள்கிட்ட முன்னுக்கே சொல்லி வைங்க, போன் கோல் வரும்னு."

ஸ்பிரிங்வெளிக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் செய்த தண்ணீர் வேலைக்குச் சாட்சியாக இரண்டு பேரின் பெயரைக் கொடுத்திருந்தேன். ஒருவர் பெரியசாமி அண்ணன், அந்தத் தோட்ட டிவிஷனில் தொழிற்சங்கத் தலைவர். மற்றவர் மரகதம் அக்கா. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் ஆயம்மா.

சொல்லி வைத்தேனா? இரண்டு தடவை போனேன். தேத்தண்ணி குடித்தேன். மழையைப் பற்றிப் பேசினேன். திரும்பி வந்தேன். 'என்னைப் பற்றி நல்லதாகச் சொல்லுங்கள்' என்று ஒருவரிடம் எப்படிக் கேட்பது? கேட்டு வாங்குகிற நல்ல பெயரும் ஒரு பெயரா?

போன புதன்கிழமை, விண்ணப்பங்களைச் சரிபார்க்கிற ஒரு பெண் கொழும்பிலிருந்து பேசினார். நல்ல தமிழ். மரியாதையான குரல்.

"மேடம், நீங்க குடுத்த ரெண்டு பேருக்கும் கோல் பண்ணினேன். ரெண்டு பேருமே உங்களத் தெரியாதுன்னு சொல்றாங்க."

"தெரியாதா?"

"'அப்படி ஒருத்தர் இங்க இல்லிங்க' — ரெண்டு பேரும் அதையேதான் சொன்னாங்க. அங்க தண்ணி வேலையே நடக்கலையாம். நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள சரியான ஆள் யாராவது பேசலைன்னா விண்ணப்பத்த நிராகரிக்க வேண்டி வரும். பிறகு ஒரு வருஷத்துக்குப் போட ஏலாது."

அந்தத் தோட்டத்தில் நான் தண்ணீர் குடிக்காத வீடு இல்லை. ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனா? கோயில் திருவிழாவுக்குப் போகவில்லை என்ற கோபமா? இரவெல்லாம் யோசித்தேன். போனிலேயே கேட்டுவிடத் தைரியம் வரவில்லை.

வியாழக்கிழமை பின்னேரம் ஷிஹானாவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். "நான் வாறேன் அக்கா. உங்கள தனிய விட்டா தேத்தண்ணி குடிச்சிட்டு வந்துருவீங்க" என்றாள்.

தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்குள் கால் வைத்ததும் மரகதம் அக்கா ஓடி வந்தார். கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்தார். கதவைச் சாத்தினார்.

"என்னா ராணி, இப்பிடிப் பகல்ல வர்றீயே! ஒன்னைய தேடுறாங்க!"

"யாருக்கா?"

"யாருன்னா? கொழும்புல இருந்து! முழுப் பேரையும் சொல்லிக் கேட்டாங்க. நான் வுடுவேனா? அப்பிடி ஒருத்தர் இங்க இல்லிங்கன்னு சொல்லிட்டேன்!"

பின்வாசலால் பெரியசாமி அண்ணன் வந்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார்.

"பயப்புடாத தாயி. கற்பூரம் அடிச்சிக் கேட்டாலும் சொல்ல மாட்டோம். தண்ணி வேலையா, அப்பிடி ஒண்ணுமே நடக்கலன்னுட்டேன். ரெண்டு நாளு இங்கயே இரு. அதுக்குள்ள அடங்கிரும்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. தோட்டத்தில் இது பழைய வழக்கம். தெரியாத குரல் ஒன்று, ஒருவருடைய முழுப் பெயரைச் சொல்லி விசாரித்தால், யாரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள். பொலிஸாக இருக்கலாம். கடன் வசூலிக்க வரும் லீசிங்காரனாக இருக்கலாம். பேர் வெட்டி வேலையிலிருந்து நிறுத்துவதற்கு ஆபீஸில் எடுக்கிற விசாரணையாக இருக்கலாம். முழுப் பெயர் சொல்லித் தேடுகிறவன் நல்லதுக்கு வந்ததாகச் சரித்திரமே இல்லை. எனவே முதலில் ஆளை மறைக்க வேண்டும். விஷயம் என்னவென்று பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

ஷிஹானா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது பெரியசாமி அண்ணனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"அடக் கடவுளே... நல்லதுக்கா கேட்டாங்க? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே தாயி!"

"ரெண்டு தடவ வந்தேனே அண்ணே..."

"வந்து மழையப் பத்திதானே பேசுன!"

ஷிஹானா போனை எடுத்துச் சிக்னல் பார்த்தாள்.

லயத்தில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். மேட்டில் தண்ணீர்த் தாங்கியடியில் நன்றாக இருக்கும். ஏறினோம். வேலை விட்டு வந்தவர்கள் விஷயத்தைக் கேட்டுப் பின்னால் ஏறினார்கள். ஷிஹானா நம்பரை எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, போனைப் பெரியசாமி அண்ணனிடம் கொடுத்தாள். நல்லவேளை, ஐந்து மணி ஆகவில்லை.

"அம்மா, வணக்கமுங்க. நேத்து ராணியத் தெரியாதுன்னு சொன்னேன் பாருங்க, அது நான்தானுங்க. தெரியுமுங்க. நல்லாத் தெரியுமுங்க!"

அந்தப் பெண் மெதுவாகக் கேட்டார். "அப்ப நேத்து ஏன் ஐயா அப்படிச் சொன்னீங்க?"

"நீங்க புடிக்க வந்தவங்கன்னு நெனைச்சிட்டோமுங்க."

சிரிப்பை அடக்குவது கேட்டது. பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். வேலையை யார் நடத்தினார்? பிரச்சினை வந்ததா? எப்படித் தீர்ந்தது?

"பிரச்சினையா? மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் ஆகவே ஆகாதுங்க. பைப்பு பதிக்க அவனுக்கு நான் ஏன் கான் வெட்டணும்னு ரெண்டு பக்கமும் மம்பட்டியப் போட்டுட்டு ஒக்காந்துட்டோம். இவங்க வந்து நியாயம் ஒண்ணும் பேசல. மேல் லயத்துக்கான கான கீழ் லயத்தாளுங்க வெட்டுங்க, கீழ் லயத்துக்கான கான மேல் லயத்தாளுங்க வெட்டுங்கன்னுட்டாங்க. அவனுங்க கொறையா வெட்டினா எங்களுக்குத் தண்ணி வராதுல்ல? நாங்க போய் பாக்க, அவங்க வந்து பாக்க... சண்ட போட்டுக்கிட்டே வெட்டி முடிச்சிட்டோமுங்க!"

"பைப்பு லொறி மண்சரிவுல நின்னுச்சே, அதச் சொல்லு!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"ஆமாங்க, பைப்பெல்லாம் காவடி மாதிரி தோள்லயே தூக்கிட்டு வந்தோம். யாரு எங்க மாத்தித் தூக்கணும்னு வளைவுக்கு வளைவு ஆளு நிப்பாட்டி வச்சிருந்தாங்க."

மரகதம் அக்கா போனுக்குக் கிட்டே வந்தார். "சாப்பாட்ட மட்டும் மறந்துருவாங்க. அதயும் எழுதிக்குங்க."

நான் தாங்கியின் மறுபக்கம் போய் நின்றுகொண்டேன். இவ்வளவு பேர் என்னைப் பற்றிப் பேசும்போது முகத்தை எங்கே வைப்பது? காது மட்டும் இந்தப் பக்கமே இருந்தது... பொய் சொல்வானேன்.

கடைசியாக அந்தப் பெண் ஒன்று கேட்டார். "ஐயா, இது விண்ணப்பத்துக்கு இல்ல, நான் தெரிஞ்சுக்கத்தான். நேத்து உங்களோட பேசி முடிச்ச கையோட அந்த அம்மாவுக்கு எடுத்தேன். அவங்களும் வார்த்த மாறாம அதையே சொன்னாங்க. எப்படி?"

"உங்ககிட்ட பேசிக்கிட்டு இருக்கும்போதே ஆளனுப்பிட்டேனுங்க. எல்லா லயத்துக்கும். யாரு கேட்டாலும் இப்பிடித்தான் சொல்லணும்னு."

இப்போது அவர் அடக்கவில்லை. வாய்விட்டுச் சிரித்தார். "பெரிய பெரிய கம்பனியில ஒரு செய்திய எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கொண்டுபோக ஏலாம ஒரு மாசம் மீட்டிங் வைக்கிறாங்க ஐயா!"

மேட்டிலிருந்து எல்லோரும் சிரித்துக்கொண்டே இறங்கினோம். ஷிஹானாவுக்கு ஒரு பை நிறைய கீரையும் மரவள்ளிக் கிழங்கும் கொடுத்தார்கள். பஸ்ஸில் அவள் தூங்கிவிட்டாள். நான் யோசித்துக்கொண்டு வந்தேன். நம்மைத் தெரியும் என்று சொல்ல ஆயிரம் பேர் இருப்பார்கள். நமக்கு ஓர் ஆபத்து என்று நினைத்து, தெரியவே தெரியாது என்று சாதிக்க எத்தனை பேர் இருப்பார்கள்? எனக்கு ஒரு தோட்டமே இருந்திருக்கிறது!

மறுநாள் வெள்ளிக்கிழமை. விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டதாக ஈமெயில் வந்தது. பிரின்ட் எடுத்து அலுவலகத்தில் கொடுத்தேன். கொழும்பிலிருந்து யாரும் வரத் தேவையில்லை என்றார்கள்.