இடுப்பு வாரைப் பிடித்தவர்

ஊரில் அவரைக் கம்பக்காரர் என்பார்கள். நகராட்சியில் தெருவிளக்கு பழுது பார்க்கும் வேலை. ஏணியும் கையுமாகவே பாதி ஆயுசு போயிற்று. அவர் மனைவி பேருந்து நிலையத்துக்கு எதிரே சின்ன ஸ்டூடியோ வைத்திருந்தாள். பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்களை, "சிரிக்காதீங்க, காது தெரியட்டும்" என்று அதட்டியே பேர் வாங்கியவள். ஆனால் கடல் கொந்தளிப்பாக இருக்கும் என்று வானொலியில் சொல்லிவிட்டால் போதும், ஷட்டரை இறக்கிவிட்டுக் கேமராவோடு கிளம்பிவிடுவாள். படம் எடுக்க வந்தவன் பாதி சீவிய தலையோடு வாசலில் நிற்க வேண்டியதுதான். அலைக்காரி என்ற பேர் அவளுக்குச் சும்மா வரவில்லை.

அலையைப் படம் எடுப்பது ஒற்றை ஆள் வேலை இல்லை. கேமராவில் கண்ணை வைத்துவிட்டால் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் இருப்பதுதான் உலகம். பக்கவாட்டில் எழும்பி வருகிற அலை தெரியவே தெரியாது. ஆகவே கல்யாணமான புதிதிலேயே இருவரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். அவள் இடுப்பில் ஒரு கனத்த தோல் வார். அவர் பின்னால் நின்று அதைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்ப்பார். அவர் இழுத்தால் அவள் பின்னால் வந்துவிட வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. எப்பேர்ப்பட்ட படம் கைநழுவிப் போனாலும் சரி. வீட்டில் அவர் ஒரு வார்த்தை சொன்னால் ஒன்பது வார்த்தை திருப்பிச் சொல்கிறவள், அங்கே மட்டும் வாய் திறக்க மாட்டாள்.

"அக்கா அலையப் புடிக்கிறா, மாமா அக்காவப் புடிக்கிறாரு. மாமாவ யாரு புடிக்கிறது?" என்று அவள் தம்பி கிண்டலடிப்பான். அவர் சிரித்துக்கொள்வார். உள்ளுக்குள் பெருமைதான். ஸ்டூடியோச் சுவர் நிறைய மாட்டியிருந்த படங்களில் ஓர் ஓரத்தில்கூட அவர் இல்லை. ஆனாலும் அத்தனையும் தன் கண்ணை நம்பி எடுத்தவை என்பது அவருக்குத் தெரியும்.

அவர்கள் நிற்கிற இடம் எப்போதும் ஒன்றே. கடலுக்குள் நீண்டு போகும் கல் தடுப்பின் மேல் நேராக ஒரு சாலை, அதன் கடைசியில் ஒரு வளைவு. அந்த வளைவில் விளக்குக் கம்பமும் கிடையாது, பிடித்துக்கொள்ளக் கம்பியும் கிடையாது. அலை கல்லில் மோதி மாடி உயரத்துக்கு எழும்பும். கம்பங்கள் எல்லாம் அதற்கு முன்பே முடிந்துவிடும். முதல் கம்பம் இந்தக் கோடியில், கரையில் சாலை தொடங்குகிற கேட்டை ஒட்டி நிற்கிறது. அதன் அடிப்பெட்டிக் கதவை அவர் ஒரு தரம் தலைகீழாகப் பொருத்திவிட்டார். மற்ற கம்பங்களில் வலப்பக்கம் இருக்கிற கொண்டி அதில் மட்டும் இடப்பக்கம். ஓய்வு பெறுகிற அன்றும் கூட வேலை பார்த்தவர்கள் அதைச் சொல்லிக்காட்டித்தான் மாலை போட்டார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு அவர் கண்ணில் மெல்ல மெல்ல மூட்டம் விழுந்தது. முடிவெட்டிக்கொள்ளப் போவதாகச் சொல்லிவிட்டுத் தனியாகக் கண் டாக்டரிடம் போனார். போன பார்வை போனதுதான், இருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார் டாக்டர். சொட்டு மருந்துப் புட்டியை ஸ்குரூ டிரைவர்களுக்கு அடியில், கருவிப் பெட்டிக்குள் ஒளித்துவைத்தார்.

சொல்லிவிடலாம். சொன்னால் அவள் அன்றோடு கடலுக்குப் போவதை நிறுத்திவிடுவாள். அது போனால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது, பாஸ்போர்ட்டுக்குக் காது தெரிய வேண்டும் என்பதைத் தவிர? சொல்லாமல் விட்டால், அவர் பார்க்காத அலை ஒன்று ஒருநாள் அவளைக் கொண்டுபோய்விடும். இரண்டுக்கும் நடுவில் கிடந்து தவித்தார். கடல் முன்னால் வெள்ளையாக ஏதோ அசைகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். காதை நம்பி இழுத்தார். இழுத்தபோதெல்லாம் அவள் முணுமுணுக்காமல் வந்தாள். அது அவரை இன்னும் கொன்றது.

மகள் ஒருநாள் ஸ்டூடியோவுக்கு வந்து புதுப் படங்களைப் பார்த்தாள். "அம்மா, இந்த வருஷம் அலை எல்லாம் முன்னவிடப் பெருசா இருக்கே! தலைமேலயே விழற மாதிரி இருக்கு. அப்பா, பயமா இல்லையா உங்களுக்கு?"

அவ்வளவு கிட்டவா நின்றிருந்தோம்? அதில் ஒன்றைக்கூடத் தான் பார்க்கவில்லையே? இனி தாங்காது, சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார்.

அடுத்த முறை கடல் சீறியபோது, அவள் வாரை மாட்டிக்கொண்டிருக்கையில், "இந்தா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தார்.

"அங்க போய்ச் சொல்லுங்க. வெளிச்சம் போயிடும்."

போனார்கள். மழைத் தூற்றல், முகத்தில் அறைகிற காற்று. "மெதுவா வாங்க, தள்ளுது" என்று சொல்லிச் சொல்லி நின்று, லென்ஸைத் துடைத்து, மறுபடி நடந்தாள். கடைசியில், "இங்கதான்" என்றாள். அவர் வாரைப் பிடித்தார். சொல்ல வாயெடுத்தார். அப்போது காற்று ஒரு தள்ளு தள்ளியதில் தடுமாறி, விழாமல் இருக்கக் கையை வீசினார். கை இரும்பில் பட்டது.

வளைவில் இரும்பு ஏது? கையைக் கீழே இறக்கித் தடவினார். பெட்டி. கதவு. கொண்டி இடப்பக்கம்.

"இது கேட்டுக் கம்பமாச்சே," என்றார்.

அவள் கேமராவை இறக்கினாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"டீ டம்ளரை மேஜைன்னு நினைச்சு வெறும் காத்துல வெச்சீங்களே, அன்னிக்கே. அப்புறம் பெட்டில மருந்தையும் பார்த்தேன்."

"படத்துல அலை பெருசா இருக்குன்னு பொண்ணு சொன்னாளே?"

"நீள லென்ஸ் வாங்கினேன். தூரத்துல நின்னு எடுத்தா, பின்னாடி இருக்கிறதெல்லாம் முன்னாடி வந்து நிக்கும். பார்க்கிறவங்களுக்கு வித்தியாசம் தெரியாது."

"உனக்கு?"

"எனக்குத் தெரியும்," என்றாள்.

முதலில் அவருக்கு வெட்கமாக இருந்தது. பிறகு கோபம் வந்தது. "அப்ப நான் இழுத்தப்பல்லாம்?"

"வந்தேன்ல."

"அலை வந்துச்சா?"

"இங்க எந்த அலையும் வராதுங்க."

கம்பக்காரர் அழுதார். வெறும் சாலையில் நின்றுகொண்டு, வராத அலைக்குப் பயந்து இழுத்திருக்கிறார். அவளும் ஒவ்வொரு தடவையும் கையில் இருந்த படத்தை விட்டுவிட்டுப் பின்னால் வந்திருக்கிறாள். அவர் வாரை விட்டார்.

"நீ வளைவுக்குப் போ. உன் தம்பியக் கூட்டிட்டுப் போ. அவனுக்குக் கண்ணு நல்லாத்தானே இருக்கு."

"அவன் இழுத்தா ஏன்டான்னு கேப்பேன். கேக்கிறதுக்குள்ள அலை வந்துடும்."

அவர் கையைத் தேடி எடுத்து, பழையபடி வாரில் வைத்தாள். "சும்மா நிக்காதீங்க. புடிங்க," என்று சொல்லிவிட்டுக் கேமராவில் கண்ணை வைத்தாள்.

அவர் பிடித்துக்கொண்டார். தூரத்தில், அந்த வளைவுப் பக்கம், பெரிய அலை ஒன்று கல்லில் விழுந்தது. அது இங்கே வராது என்று இப்போது அவருக்கும் தெரியும். ஆனால் கை கேட்கவில்லை, இழுத்துவிட்டது.

அலைக்காரி ஓர் அடி பின்னால் வந்தாள்.