நாலு போட்டு ஐந்து வாங்கும் அணி

பஸ்ஸுக்குக் கூடு கட்டும் அந்தப் பட்டறையில் அவரை எல்லோரும் குஷன் என்றே கூப்பிட்டார்கள். ஸ்பாஞ்சு வெட்டி, ரெக்சினை இழுத்துத் தைத்து சீட்டு செய்வது அவர் வேலை. யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. கிழிந்த சீட்டுகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தே தொழிலைப் பிடித்தவர். மூலையில் ஒரு சுருக்கம் விழுந்தாலும் முழுத் தையலையும் பிரித்துவிடுவார். "விடுங்கண்ணே, ஆள் உக்காந்தா தெரியவா போகுது?" என்று பெயிண்டர் கேட்டால், "எந்திரிச்சா தெரியும்ல?" என்பார்.

இந்த நிதானமெல்லாம் கால்பந்து மைதானத்தின் வாசல் வரைதான். உள்ளே போய்விட்டால் மனிதர் அடுப்பில் வைத்த பால்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. பட்டறைக்காரர்கள் ஆதரிக்கும் அணி தோற்பது பெரிதில்லை, தோற்கும் விதம்தான் வயிற்றெரிச்சல். மூன்று கோல் போட்டு நான்கு வாங்கும். நான்கு போட்டால் சொல்லிவைத்தாற்போல் ஐந்து. எதிரணிக்குக் கார்னர் கிக் கிடைத்தால் குஷன் கண்ணை மூடிக்கொள்வார். காதை மூட முடியாதே. எதிர்ப்பக்கத்து ஆரவாரம் வந்து விழும்.

இதில் வெளியே சொல்ல முடியாத சங்கடம் ஒன்று. அணியின் ஸ்டாப்பர், அதாவது பின்வரிசைக்கு நடுவில் நின்று எதிரணியின் ஃபார்வர்டைப் பிடிக்க வேண்டியவன், குஷனின் மச்சினன். மனைவியின் ஒரே தம்பி. பார்சல் ஆபீசில் பகல் வேலை, சாயங்காலம் பயிற்சி, சாப்பாடும் படுக்கையும் இவர் வீட்டில். தங்கமான பையன். அதுவே அவன் ஆட்டத்தின் கோளாறு. பந்து எந்தப் பக்கம் போனாலும் அங்கே உதவிக்கு ஓடிவிடுவான். அவன் பிடிக்க வேண்டிய ஆள் நடுவில் தனியாக நின்று, நிதானமாகக் கோல் போடுவான்.

அந்த வருடம் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் தப்பியது மயிரிழையில். அடுத்த பருவத்துக்கு ஒரே ஒரு புது ஆளைத்தான் எடுக்க முடியும், எந்த இடத்துக்கு என்று ஆதரவாளர்களே சொல்லட்டும் என கிளப் செயலாளர் சொல்லியனுப்பினார். ஆதரவாளர்களில் பட்டறைக் கோஷ்டிதான் பெரியது. அவர்கள் சொல்வதைக் கமிட்டி தட்டாது.

பட்டறைக் கூட்டம் எப்போதும் பாதி கட்டிய பஸ்ஸுக்குள்தான் நடக்கும். ஒரு விதி உண்டு: டிரைவர் சீட்டில் உட்கார்ந்தவர் தலைவர். அவர் கருத்துச் சொல்லக் கூடாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்தினால் ஹாரன் அடிக்கலாம், அவ்வளவே. அன்றைக்கு எலக்ட்ரீஷியன் அதில் உட்கார்ந்திருந்தார்.

"ஃபார்வர்டுதான் எடுக்கணும். இன்னும் ரெண்டு கோல் சேர்த்துப் போட்டா ஜெயிச்சிருப்போம்" என்றார் பெயிண்டர்.

"போன வருஷமும் ஃபார்வர்டு, முந்தின வருஷமும் ஃபார்வர்டு. ஓட்டை டேங்க்ல எவ்வளவுதான்யா டீசல் ஊத்துவீங்க?" என்றார் குஷன். "பின்னாடி பாருங்கய்யா, பின்னாடி!"

"பின்னாடி என்னண்ணே, நல்லாத்தானே இருக்கு?" இது டிங்கர், தகடு தட்டுகிறவர். சொல்லும்போது ஜன்னல் சட்டத்தைப் பார்த்துக்கொண்டார்.

"நல்லாருக்கா? கடைசி மேட்ச்ல அஞ்சு வாங்கினோமே, கனவா?"

"காத்துண்ணே. அன்னைக்கு எதிர்க்காத்து."

"ரெண்டாவது பாதியில காத்து நம்ம பக்கம்தானே இருந்துச்சு? அதுல மூணு!"

"மைதானத்துல மேடு பள்ளம் வேற" என்றார் பெயிண்டர்.

குஷனுக்குத் தலையைக் கொண்டுபோய் எங்காவது முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இவர்கள் என்ன குருடா? "யோவ், கார்னர் வந்தா நடுவுல அவங்க ஆளு ஒத்தையா நிக்கிறானே, யாருமே பாக்கலையா?"

"பாக்காம என்ன? ஆறுதல்தான் சைடுல போய்..." என்று தொடங்கிய பெயிண்டர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். எலக்ட்ரீஷியன், விதியை மீறி, தேவையே இல்லாமல் ஹாரன் அடித்தார்.

"ஆறுதல்னா யாரு?"

பெயிண்டர் ஏற்கெனவே காய்ந்த பிரஷ்ஷைத் துடைக்க ஆரம்பித்தார்.

"கேக்கறேன்ல?"

டிங்கர்தான் கடைசியில் வாயைத் திறந்தார். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. உங்க மச்சினன்தான். கோல் விழுந்ததும் ஓடிவந்து கீப்பர் தோளைத் தட்டிக் குடுப்பார்ல... அதனால பசங்க வெச்ச பேரு. உங்க முன்னாடி எப்படிச் சொல்றதுன்னு..."

"அப்ப ரெண்டு வருஷமா ஃபார்வர்டு ஃபார்வர்டுன்னு கத்தினது?"

"வீட்டுல வெச்சு சோறு போடறீங்க. உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான்."

குஷன் தான் தைத்த சீட்டிலேயே தொப்பென்று உட்கார்ந்தார். யாராவது பெயரைச் சொல்லட்டும் என்று அவர் காத்திருந்தார். அவர் சொல்லட்டும் என்று அவர்கள் காத்திருந்தார்கள். இந்த மரியாதையில் விழுந்த கோல்களை நினைக்கவே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் சொல்றேன். ஸ்டாப்பருக்கு ஆள் எடுக்கணும். என் மச்சினன் சரியில்லை. போதுமா?"

மடை திறந்தது. ஆளாளுக்கு அடக்கி வைத்ததையெல்லாம் கொட்டினார்கள். நடந்துபோகிறவன்கூட அவனைத் தாண்டிவிடுவான் என்றார் ஒருவர். அவன் நிற்கும் இடத்தில் ஒரு டிரம்மை வைக்கலாம், அது இடத்தை விட்டு நகராது என்றார் பெயிண்டர்.

"ஏய், போதும்! தலையால முட்டறதுல இந்த டிவிஷன்லயே அவனை அடிக்க ஆள் உண்டா?" என்று குஷன் எழுந்துவிட்டார். எழுந்த பிறகுதான் தான் எந்தக் கட்சி என்பது நினைவுக்கு வந்து, அவருக்கே தன்மேல் எரிச்சல் வந்தது. ஹாரன் நீளமாக அலறியது. ஸ்டாப்பர் என்று எல்லோரும் ஒரே குரலில் முடிவு செய்தார்கள்.

பெயிண்டரின் வாய் குஷனின் கால்களை முந்திச் செய்தியைச் சேர்த்துவிடும் என்பது தெரிந்ததால், அவர் நேராகப் பார்சல் ஆபீசுக்குப் போனார். மச்சினன் வேறொருவருடைய மூட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தான். ஸ்டாப்பருக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று சொன்னதும் அவன் முகம் மலர்ந்தது.

"அப்பாடா! எனக்குப் பக்கத்துல ஒரு ஆள் வேணும்னு நானே நெனச்சேன் மாமா. நான் ஒருத்தனே எத்தனை பக்கம்தான் ஓடறது?"

குஷன் பல்லைக் கடித்தார். இப்படியே விட்டுவிட்டுப் போய்விடலாம். இரண்டு வருடமும் அதைத்தான் செய்தார்.

"உனக்குப் பக்கத்துல இல்லடா. உன் இடத்துக்கு. சொன்னது நான்தான்."

மச்சினன் மூட்டையின் கயிற்றை அவிழ்த்து, மறுபடி இறுக்கிக் கட்டினான். அது ஏற்கெனவே நன்றாகத்தான் கட்டியிருந்தது.

"அக்காவுக்குத் தெரியுமா மாமா?"

"இனிமேதான்."

"நான் சொல்லிடறேன். நானே கேட்டு ஒதுங்கிக்கிட்டேன்னு சொல்றேன். நீங்க சொன்னா தட்டு பறக்கும்."

"ஒண்ணும் வேணாம். நீ வாயைத் திறக்கக் கூடாது."

வீட்டில் தட்டு பறக்கவில்லை. அவர் மனைவி கேட்டுவிட்டு, தைக்க எடுத்த சட்டைப் பொத்தானை மேஜைமேல் வைத்தாள். "ஊரே பேசினாலும் நீங்க அவன் பக்கம் நிக்க வேணாமா? என் தம்பின்னு ஒரு வார்த்தை தோணலையா உங்களுக்கு?"

"தோணித்தான் ரெண்டு வருஷம் வாயை மூடிட்டிருந்தேன்."

மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். தம்பி அவளுக்குத் தண்ணீர் ஊற்றப் போக, அவள் அவன் கையிலிருந்து செம்பைப் பிடுங்கினாள். பிறகு, கழுவிய தட்டுகளை அடுக்கியபடி, கணவன் பக்கம் திரும்பாமலே கேட்டாள்:

"வர்றவன் கார்னர்ல தன் ஆளை விட்டு நகராம நிப்பானா?"

"அப்படிப்பட்டவனாப் பாத்துத்தான்..."

"விசாரிச்சு எடுங்க. இவனை உக்காரவெச்சுட்டு, இவனை மாதிரியே இன்னொருத்தனக் கூட்டிட்டு வந்தீங்க, அப்புறம் இருக்கு உங்களுக்கு."