அம்மா சொல்லாத பொலி

இன்று தேயிலைக் கொழுந்து லொறி கடந்துபோன பச்சை வாசத்தில், காடு மண்டி அழிந்துபோன எங்கள் டயகம தோட்டத்து லயத்து வீட்டுக்கே மனசால் போய்விட்டேன். நனைந்த படங்குச் சாக்கை இடுப்பில் கட்டி அம்மா மலையேறுகிறாள். கொழுந்தில் கைவைக்குமுன் சாமியை நினைத்து எல்லாரும் “பொலியோ பொலி” என்று குரல்கொடுக்க, சாமியே இல்லையென்று சொல்லும் அம்மா மட்டும் வாய்திறக்க மாட்டாள்.

தம்பி காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்து வீட்டுப் பெரியம்மா, “ஒன் வாயாலதான் புள்ள இப்புடிக் கெடக்கு. ஒருக்கா சொல்லித் தொலையேன்டி” என்றார்.

மறுநாள் அம்மா தொண்டை கிழியப் பொலி சொன்னாள். அந்திக்குள் தம்பி போய்விட்டான்.

“மனசாரச் சொல்லியிருக்க மாட்டா” என்றது லயம்.

யாருக்கும் தலைகுனியாத நான், எனக்கும் சாமி இல்லையென்பதை என் பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை. பேரனுக்குக் காய்ச்சல் வந்தால் என்னைத்தானே பார்ப்பார்கள்.