உருகாத பனியும் என் தம்பியின் காலும்

என் தம்பியின் வலது காலில் மூன்று விரல்கள் இல்லை. படகு எஞ்சினில் மாட்டிக்கொண்டதா என்று வெளியூரில் பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள். பனியில் போயிற்று என்று சொன்னால் சிரிக்கிறார்கள். இராஜாக்கமங்கலம் கரையில் பிறந்து, மார்கழிக் காலையிலும் தலையில் ஒரு துவர்த்துத் துண்டைக் கட்டிக்கொண்டால் குளிர் போய்விடும் என்று வளர்ந்தவனுக்குப் பனியில் விரல் போயிற்றாம். அந்தச் சிரிப்பைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவன் வடக்கே ஒரு குளிர் நாட்டுக்கு, கடலுக்குள் கூண்டு கட்டி மீன் வளர்க்கும் பண்ணைக்கு வேலைக்குப் போனான். அனுப்பிவைத்த ஏஜெண்ட் மார்த்தாண்டத்தில் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு, "கடலோரம்லா டீச்சர், பனி விழுந்தாலும் ரெண்டு நாள்ல உருகிப் போவும்" என்றான். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிற எனக்கு அந்த ஊர்ப் பனியைப் பற்றி என்ன தெரியும்? நம்பினேன். முதல் வருடம் ஏஜெண்ட் சொன்னபடியே நடந்துவிட்டது, அதுதான் பெரிய கேடு. விழுந்த பனியையெல்லாம் கடற்காற்று கரைத்துவிட்டது. குளிர் என்றால் இவ்வளவுதான் என்று தம்பியும் நினைத்துக்கொண்டான்.

இரண்டாம் வருடம் விழுந்த பனி உருகவில்லை. அதன்மேலேயே இன்னும் விழுந்தது. கிறிஸ்துமஸ் போய்த் தவக்காலம் வந்த பிறகும், அலை தொடுகிற பாறைவரைக்கும் வெள்ளையாகவே கிடந்தது. கடற்கரையில் இத்தனை நாள் பனி கிடந்து பார்த்ததே இல்லை என்று அந்த ஊர்க்காரர்களே சொன்னார்களாம். தம்பி அனுப்பும் வீடியோக்களுக்குச் சொந்தக்காரர்கள் இதயப் படமாகப் போட்டுத் தள்ளினார்கள். "நாம காசு குடுத்துக் கொடைக்கானலுக்குப் போறோம், இவனுக்கு சும்மா கெடைக்கு" என்றாள் ஒரு மதினி. நான் மட்டும் தினமும் போன் போட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"ஏலே, இன்னுமா உருகல்ல?"

"இல்லக்கா. கல்லு மாதிரி கெடக்கு."

"பூட்ஸ் போட்டியா?"

"போட்டிருக்கேன், நீ போனை வையி."

அவன் சொன்னது பாதி உண்மை. எங்கள் கரையில் யாரும் செருப்போடு வள்ளத்தில் ஏறுவதில்லை. சோறு போடுகிற இடம் அது. செருப்பை மணலில் கழற்றிப் போட்டு, சிலுவை போட்டுக்கொண்டுதான் உள்ளே கால் வைப்பார்கள். இந்த மடையன் அங்கேயும் அதையே செய்திருக்கிறான். முழங்கால் உயரத்துக்குக் கம்பெனி கொடுத்த பூட்ஸைப் படகுத்துறையிலேயே கழற்றி வைத்துவிட்டு, கம்பளிக் காலுறையோடு கூண்டுக்குப் படகு ஓட்டியிருக்கிறான். மேற்பார்வையாளர் பார்த்தால் திட்டுவாராம், அவர் தலை மறைந்ததும் கழற்றிவிடுவானாம். பத்து நிமிட ஓட்டம்தானே என்று நினைத்திருக்கிறான்.

ஒருநாள் பாதி வழியில் எஞ்சின் நின்றது. படகுக்குள் உறைந்து கிடந்த பனிமேல், நனைந்த காலுறையோடு, மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தான். ஆள் வந்து இழுத்துப் போகும்போது அவனுக்கு வலிக்கக்கூட இல்லையாம். சில நாளில் விரல்கள் கறுத்துவிட்டன, மூன்றை வெட்டி எடுத்தார்கள்.

ஊருக்கு வந்தால், எங்கள் கரைக்காரர்கள் அவனை ஏதோ புனிதனைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள். "தொழிலுக்கு மரியாத குடுத்தவன்" என்கிறார்கள். எனக்குக் கெட்ட வார்த்தைதான் வந்தது. யாரோ ஒருவனுடைய இரும்புப் படகு அது. அதற்கு மரியாதை கொடுக்கப் போய்த்தான் இவன் இன்று சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான்.

இனி எப்போதும் தனியாகச் செய்த ஷூ போட்டே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பிடிமானம் இருக்காது என்று நாகர்கோவில் டாக்டர் சொன்னார். தம்பிக்கோ கடலுக்குப் போயே ஆக வேண்டும். வேறு எந்த வேலையைச் சொன்னாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். போன மாதம் அவனைச் சித்தப்பாவின் வள்ளத்துக்குக் கூட்டிப் போனேன். ஷூவோடு ஏற்ற மாட்டார்கள், இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுவது என்றுதான் போனேன்.

சித்தப்பா என்னை வாயைத் திறக்கவே விடவில்லை. "அவன் ஷூவப் போட்டுட்டே ஏறட்டும் மக்கா. வள்ளம் ஒண்ணும் கோவப்படாது" என்றார். வள்ளத்தில் இருந்த மற்ற மூன்று பேரும் தலையாட்டினார்கள். ஒருவர் வலையை ஒதுக்கி அவன் உட்கார இடம்கூடச் செய்தார்.

தம்பி முழங்கால் தண்ணீரில் நின்றான். ஷூக் காலைத் தூக்கினான், கீழே வைத்தான். மறுபடியும் தூக்கினான், வைத்தான்.

"மனசு வரல்லக்கா."

"ஏறுலே! எல்லாரும் சொல்லியாச்சு, பின்ன ஒனக்கு என்ன?" கரை முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

அவன் குனிந்து ஷூவைக் கழற்றினான். வெறுங்காலைத் தூக்கி வள்ளத்துக்குள் வைத்தான். ஓர் அலை வந்து வள்ளத்தை அசைத்தது. பிடிக்க விரல் இல்லாத கால் வழுக்கி, அப்படியே தண்ணீரில் விழுந்தான். சித்தப்பா குதித்துத் தூக்கி நிறுத்தினார். காத்திருந்தார்கள், வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கடைசியில் அவனே, "நீங்க போங்க" என்று கையைக் காட்டிவிட்டான்.

வள்ளம் போயிற்று. ஏஜெண்டைத் திட்டியாயிற்று, பனியைத் திட்டியாயிற்று, ஊரையும் திட்டியாயிற்று. இனித் திட்ட எனக்கு ஆள் இல்லை. ஆத்திரத்தில் அவன் கையில் இருந்த ஷூவைப் பிடுங்கிக் கடலில் எறிந்தேன்.

தம்பி நொண்டிக்கொண்டே அதை எடுக்கத் தண்ணீருக்குள் போனான்.