விமானி பேசிய தமிழ்

எங்கள் மாமா ஆகாயத்திலிருந்து விழுந்து இடது காலை முறித்துக்கொண்டவர் என்று தம்போய் ரப்பர் தோட்டங்களின் பக்கத்தில் கொஞ்ச நாள் பேச்சு இருந்தது. மாமாவுக்கோ நாற்காலி மேல் ஏறி நின்றாலே தலை சுற்றும். ஜோகூர் பாருவில் ஏரோப்ளேன் காட்சி நடந்தபோது வெள்ளைக்கார விமானியின் சொற்பொழிவைத் தமிழில் எடுத்துச் சொன்னவர் அவர். அதனால் வந்த வினை அது.

என் அம்மாவின் தம்பியான மாமா, கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர். அங்கே ஒரு வழக்கம். சாட்சி ‘நான்’ என்றால் மொழிபெயர்ப்பவரும் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘அவன் திருடவில்லையாம்’ என்று இழுத்தால் நீதிபதிக்குக் கோபம் வந்துவிடுமாம். ஆகவே மாமா எத்தனையோ தடவை கோழி திருடியிருக்கிறார், பெண்டாட்டியை அடித்திருக்கிறார், கள் குடித்துவிட்டுச் சாக்கடையில் கிடந்திருக்கிறார். எல்லாம் நல்ல இங்கிலீஷில்.

உண்மையில் அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. எங்கள் வீட்டிலிருந்த என் அத்தையை, அதாவது அப்பாவின் தங்கையை, கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆசை. அத்தைக்கும் ஆசைதான். மாமா வருகிற நாளில் அவள் தலையை இரண்டு தடவை வாரிக்கொள்வதைப் பார்த்து எனக்கே அது தெரியும். அப்பாதான் பிடி கொடுக்கவில்லை.

“கண்டவன் பேச்சையெல்லாம் பேசுற வாயி அது. அவன் சொந்தப் பேச்சு எதுன்னு நான் எப்படி நம்புறது?” என்று அம்மாவிடம் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். தம்பியைச் சொன்னதும் அம்மாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அத்தையை நாகப்பட்டினத்துக்கு அனுப்பி உறவுக்காரர் ஒருவருக்குக் கட்டிவைப்பது என்று ஏற்பாடாயிற்று. அடுத்த வாரம் சிங்கப்பூரில் கப்பல் ஏற வேண்டும். அதுவரை மாமா எங்கள் வீட்டுப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்றும் சொல்லியாயிற்று.

அந்த வாரம்தான் காட்சி வந்தது. ஊருக்குப் போகிறவள், ஒரு தடவை ஏரோப்ளேனைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று அப்பா அத்தையையும் என்னையும் அழைத்துப் போனார். கைக்குழந்தையோடு அம்மா வீட்டில் இருந்துவிட்டாள். தமிழில் சொல்லப்போவது மாமா என்று அப்பாவுக்குத் தெரியாது. அத்தைக்குத் தெரியுமோ என்னவோ, அன்று தலைவாரி முடிக்க வெகு நேரம் ஆயிற்று.

திடலில் ஏரோப்ளேனைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். கிட்டப் போனால் பெட்ரோல் வாடை. பக்கத்துக் கூடாரத்தில் மலாய்க்காரர்களுக்கான சொற்பொழிவு முடிந்து நம்மவர்களுக்கு இடம் விட்டார்கள். ஆண்கள் முன்னால் நாற்காலியில், பெண்கள் ஓரமாகப் பாயில். மேடையில் மாமாவைக் கண்டதும் அப்பாவின் கழுத்து விறைத்தது. ஆனாலும் நாலு பேர் முன்னால் எழுந்து போகவா முடியும்? உட்கார்ந்துவிட்டார்.

விமானி ஒரு காகிதத்தை உதட்டருகே பிடித்து அதன் மேல்பக்கமாக ஊதினார். தொங்கிக்கொண்டிருந்த காகிதம் எழும்பி நின்றது. “இப்படித்தான் என் இறக்கையும் என்னைத் தூக்குது” என்றார் மாமா. பிறகு, “ஒரு நாள் நடு ஆகாயத்துல என் மிஷின் நின்னு போச்சு. ரப்பர் மரத்து மேல விழுந்தேன். இடது கால் முறிஞ்சுது” என்றார்.

என் பக்கத்திலிருந்த தோட்டத்துப் பெண் உச்சுக் கொட்டினாள். “அலமாக், பாவம். நடக்கிறப்ப ஒண்ணும் தெரியலையே.”

கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்கள். அத்தை என் காதில் குசுகுசுத்து முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள். நான் எழுந்து அப்படியே ஒப்பித்தேன்.

“ஏறினப்புறம் வேணாம்னு தோணிச்சுன்னா, நடுவழியில இறங்க முடியுமா?”

மாமா என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பக்கத்தில் பார்த்தார். பிறகு இங்கிலீஷில் கேட்டார். விமானி சிரித்துக்கொண்டு என்னவோ சுருக்கமாகச் சொன்னார். தமிழ்தான் நீளமாக வந்தது.

“முடியாது. ஏறினா ஏறினதுதான். வேணாம்னா ஏறுறதுக்கு முன்னாலயே வாயைத் திறந்து சொல்லிடணும். சொன்னா போதும், கீழ நான் நிப்பேன். யாரு என்ன சொன்னாலும் நிப்பேன்.”

கூட்டம் கை தட்டியது. வெள்ளைக்காரர் எவ்வளவு நல்லவர் என்று நான் பூரித்துப்போனேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தி வலித்தது.

அப்போது முன் வரிசையில் அப்பா எழுந்தார். அவர் ரயில்வே கிளார்க். தினமும் துரைமாரோடு இங்கிலீஷ் பேசுகிறவர். விமானி சொன்னது என்ன, மாமா சொன்னது என்ன என்று அந்தக் கூடாரத்தில் அவர் ஒருவருக்காவது விளங்கியிருக்கும். அவர் நேராக விமானியிடமே இங்கிலீஷில் கேட்பார், எல்லாரும் பார்க்கப்போகிறார்கள் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் தமிழில் கேட்டார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

“நிப்பேன்னு சொல்லிடுறது சுலபம். கடைசி வரைக்கும் நிப்பாரா? கேட்டுச் சொல்லுங்க.”

மாமா விமானியின் பக்கம் திரும்பவே இல்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நிப்பேன்” என்றார்.

“சத்தமா சொல்லுங்க லா” என்று பின்னாலிருந்து ஒரு குரல். மாமா மறுபடி சொன்னார், கூடாரம் முழுக்கக் கேட்டது. அப்பா உட்கார்ந்தார். கேள்வி தன்னிடம் வரும் என்று விமானி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக் காத்திருந்துவிட்டு, மேடையில் மாட்டியிருந்த அடுத்த படத்தைக் காட்டப் போனார்.

திரும்பும் வழியில் நான் குறையைச் சொன்னேன். “மாமா அவர்கிட்ட கேக்கவே இல்லப்பா. தானா பதில் சொல்லிட்டாரு.”

“ஆமா, பாத்தேன்” என்றார் அப்பா. பிறகு அத்தையின் பக்கம் திரும்பாமலே கேட்டார்: “கப்பலுக்குப் போறியா, வேணாமா? இப்பவே சொல்லிடு.”

“வேணாம்ணே” என்றாள் அத்தை.

மறுநாள் மாமாவை உடனே வரச்சொல்லி அப்பா ஆள் அனுப்பினார். செய்த தப்புக்கு மாமாவைத் திட்டப்போகிறார், கோர்ட்டில் சொல்லி வேலையையும் போக்கிவிடுவார் என்று நினைத்தேன். அத்தை உள்ளே முகம் கழுவி, இரண்டாம் தடவையாகத் தலை வாரிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். யார் கேட்டாலும் சரி, மாமா விமானியைக் கேட்டுத்தான் பதில் சொன்னார், என் கண்ணால் பார்த்தேன் என்று சத்தியம் செய்வதற்காக.