ஹாலுக்குள் பெய்த மழை

மந்தைவெளியில் நாங்கள் குடியிருந்தது மேல்தளம். சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தரை வெடிக்கும். ஐப்பசி மழை அந்த வெடிப்பைத் தவறாமல் கண்டுபிடித்து ஹாலுக்குள் இறங்கிவிடும். வருஷா வருஷம் அப்பா சிமென்ட் பூசுவார். வருஷா வருஷம் தண்ணீர் வேறு இடத்தில் சொட்டும். மழைக்காலம் முடியும்வரை எங்கள் சோபாவுக்கு நிலையான இடம் கிடையாது.

அப்பாவின் தங்கையைப் பெண் பார்க்க வந்தது அப்படியொரு மழைச் சாயங்காலம். முன்பு வந்தவர்களெல்லாம் ஏதேதோ குறை சொல்லிப் போயிருந்தார்கள். இனி யார் முன்னாலும் வந்து நிற்க மாட்டேன், இதுதான் கடைசி என்று அத்தை சொல்லியிருந்தாள். அம்மா வாளிகளைச் சமையலறையில் ஒளித்து, காய்ந்திருந்த மூலைக்குச் சோபாவைத் தள்ளி, "ஒழுகுதுன்னு யார்னா வாயத் தொறந்தீங்க..." என்று எங்களை மிரட்டி வைத்தாள்.

மாப்பிள்ளை காபியை வாயருகே கொண்டுபோனார். டம்ளருக்குள் சொட்டென்று ஒன்று விழுந்தது. நிமிர்ந்தார், அடுத்தது நெற்றியில். அவருடைய அம்மா முகம் சுளித்தார். இந்த வருஷம் மழை கொஞ்சம் அதிகம் என்று யாரும் கேட்காததற்கு அப்பா பதில் சொன்னார். மாப்பிள்ளை ஒரு வாய் குடித்துவிட்டு, "சக்கர கரெக்டா இருந்துச்சு. இப்பதான் கொஞ்சம் கம்மியாயிடுச்சு" என்றார்.

அதுவரை தலைகுனிந்திருந்த அத்தை வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அம்மாவுக்குப் பாதி உயிர் போயிற்று.

"மேல தண்ணி போற குழா அடைச்சிருக்கும். பாத்துட்டு வந்துடறேன்" என்று மாப்பிள்ளை எழுந்தார். "அய்யோ, நீங்க எதுக்கு..." என்று அப்பா பதறுவதற்குள், "நான் காட்டறேன்" என்று அத்தை குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

சற்று நேரத்தில், மாடியில் தேங்கிய தண்ணீர் குழாய் வழியே தெருவில் கொட்டும் சத்தம் கேட்டது. ஹாலில் சொட்டுவது நின்றது. போனவர்களைத்தான் காணோம். சேதி சொல்ல நான் படியேறப் போனேன். அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "கம்முனு உக்காருடி." மாப்பிள்ளையின் அம்மா உத்தரத்தை ஒருமுறை பார்த்தார், பிறகு பஜ்ஜிக்கு இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டார்.

ஒருவழியாக இறங்கி வந்தார்கள். இரண்டு பேரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். குடை அத்தையின் கையில் மடக்கியபடியே இருந்தது.

அன்றே பேசி முடித்தார்கள். எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். எனக்கு மட்டும் கவலை. மழையில் ஒரு குடையை விரிக்கத் தெரியாத இரண்டு பேரை நம்பி எப்படித் தனிக்குடித்தனம் வைக்கப் போகிறார்கள்?